சோடாபுட்டிக்குத் தோழி கிடையாது

1

ஜப்பானில் பிள்ளை வளர்ப்பது எப்படி இருக்கிறது என்று ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். எழுதேன், நாங்களும் தெரிந்துகொள்கிறோம் என்கிறார்கள். சரி என்று உட்கார்ந்தால் எழுத வருவது ஜப்பானில் நடந்த விஷயமே இல்லை. கொல்லிமலையில், என் அண்ணன் வீட்டு டிவி முன்னால் நடந்ததுதான் வருகிறது. போன ஆடியில் நடந்தது. இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. என் வீட்டுக்குள், நான் சமைக்கிற இடத்துக்குப் பத்தடி தள்ளி, வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்த ஒன்றை, விமானம் ஏறி, பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, மலை மேலே போய்த்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என்ன கூத்து பாருங்கள்.

எனக்குச் சொந்த ஊர் முள்ளுக்குறிச்சி. மலைக்கு அடிவாரம். தொண்ணூற்றேழில் என் கணவருக்கு ஜப்பானில் இயந்திர உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. ஒசாகாவிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம் போனால் வரும் ஒரு சின்ன நகரம். எங்களுக்கு ஒரே மகள், கயல்விழி. போகும்போது ஏழு வயது. இப்போது பதினாலு.

போன முதல் வாரமே பிள்ளையின் பெயரைக் கெடுத்துவிட்டோம். நகராட்சி அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும். ஜப்பானியர் வாயில் 'ல்' நுழையாது. கயல் என்று நாங்கள் சொல்ல, அங்கிருந்த ஆள் கயரு, கயரு என்று திருப்பித் திருப்பிச் சொல்லிவிட்டு எங்களைக் கவலையோடு பார்த்தார். ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். அவரும் எழுதிவிட்டார். அவர்கள் மொழியில் 'கயேரு' என்றால் தவளை. மீன் என்று நினைத்து நாங்கள் ஆசையாக வைத்த பெயர், பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளே தவளையாகிவிட்டது. அவள் வீட்டுக்கு வந்து சொன்னதும் நானும் அவருமாக விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

2

அந்த நாட்டில் எனக்குப் போனவுடனே பிடித்துப்போனது அவர்கள் பேச்சுதான். நம் 'ங்க' மாதிரி அவர்களுக்கும் ஒரு வால் உண்டு. 'தெஸ்', 'மஸ்' என்று வாக்கியத்தின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் போட்டால் மரியாதைப் பேச்சு, போடாவிட்டால் சாதாப் பேச்சு. வெளிநாட்டுக்காரர்களுக்கு இலவசமாக மொழி சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்று வாராவாரம் நடக்கும். அங்கே மரியாதைப் பேச்சு மட்டும்தான் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அது வெல்லமாக இருந்தது. அட, நம்ம ஊர்ப் பேச்சுதானே இது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பெற்ற தாயையும் 'வாங்க' என்போம், தொட்டில் குழந்தையைக் கொஞ்சும்போதும் 'வாங்க சாமி' என்போம். எருமை வழியை மறித்து நின்றால் அதைக்கூட 'நவுருங்க' என்று சொல்லுகிற மனிதர் எங்கள் அப்பா. 'ங்க' போட்டுப் பேசினால் தள்ளி நிற்கிறோம் என்று எங்களுக்கு அர்த்தம் இல்லை. பிரியமாக இருக்கிறோம் என்றுதான் அர்த்தம். இது உலகம் பூராவுக்கும் பொது என்று நான் நம்பினேன்.

கயல் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பேசுகிற சாதாப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் அப்பாவைப் பார்த்து, வால் இல்லாமல் மொட்டையாக, "சாப்பிடறியா?" என்கிற மாதிரி ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்டாள். எனக்குச் சுருக்கென்று ஏறியது.

"இந்தப் பேச்செல்லாம் நம்மூட்டுல வேண்டாங் கண்ணு. எந்தப் பாசையா இருந்தாலும் மருவாதியாப் பேசோணும்," என்றேன்.

"க்ளாஸ்ல இருக்கறவங்ககிட்டயுமாங்கம்மா?"

"எல்லார்த்துகிட்டயுந்தான்."

அவள் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. அப்படியே செய்தாள்.

அந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு தடவை வகுப்பு ஆசிரியை வீடு தேடி வருவார். ஐந்தாம் வகுப்பில் வந்தவர் என் டீயைக் குடித்துவிட்டு, "கயல்-சான் எல்லோரிடமும் ரொம்ப ரொம்ப மரியாதையாகப் பேசுகிறாள். கூடப் படிக்கிறவர்களிடம்கூட," என்றார். சொல்லிவிட்டுக் கழுத்தைச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே அண்ணனுக்கு ஐஎஸ்டி போட்டு, வாத்தியாரம்மா வீட்டுக்கே வந்து புகழ்ந்துவிட்டுப் போனார் என்று சொன்னேன். அந்த உறிஞ்சலுக்கு, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தவிக்கிறேன் என்று அர்த்தமாம். அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

3

மிக்கா என்று ஒரு பெண். கயலின் வகுப்புத் தோழி. அவளை நான் பார்த்ததில்லை, ஆனால் அவளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். அவளுக்கு ஒரு தம்பி, ஒரு பூனை. கணக்கு வராது. பொழுது சாய்ந்ததும், நான் வெங்காயம் நறுக்குகிற நேரத்துக்குக் கயல் கூடத்தில் இருக்கும் டெலிபோனை எடுத்துவிடுவாள். "அப்படியா! நெஜமாவா? சேச்சே! அப்புறம்?" என்று ஜப்பானிய மொழியில் ஒரே கலகலப்பு. எனக்குக் காது குளிரும். நம்ம பிள்ளைக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது, இனி இந்த ஊரில் எப்படியும் பிழைத்துக்கொள்வாள் என்று வெங்காயக் கண்ணீரைத் துடைத்துக்கொள்வேன்.

பேசி முடித்ததும் சமையலறைக்கு வந்து நிற்பாள். "அம்மா, நாளைக்குத் துணிய வெளில காயப்போடாதீங்க. மத்தியானத்துக்கு மேல மழையாம். மிக்கா சொன்னா."

அவள் சொன்னால் சொன்னபடி மழை வரும். மிக்காவின் அப்பா வானிலை ஆபீசில் வேலை பார்க்கிறாரோ என்று என் கணவரிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "இருக்கும்" என்றார். எவ்வளவு கெட்டிக்காரப் பெற்றோர் பாருங்கள்.

மிச்ச நேரத்தில் கயலுக்குப் பொம்மைப் படம்தான். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் வரும் தொடர். வாரம் தவறாமல் பார்ப்பாள். பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அதன் டிவிடியைத்தான் கேட்டாள். நான் ஒரு நாளும் கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. பொம்மைப் படத்தில் என்ன இருக்கப்போகிறது?

4

என் அண்ணன் ராசு மலை மேலே அரியூர் நாட்டில் (அங்கே ஊரை நாடு என்றுதான் சொல்வார்கள்) மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். அண்ணி சரோஜா. அவர்களுக்கும் ஒரே மகள், செல்வி, கயல் வயதுதான். போன ஆடியில் ஜப்பான் பள்ளிக்கு விடுமுறை விட்டதும் நானும் கயலும் மட்டும் கிளம்பி வந்தோம். என் கணவருக்கு லீவு இல்லை.

மலை ஏறுவதற்கு முன்னால் பேளுக்குறிச்சிச் சந்தையில் இறங்கினோம். ஜப்பானில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஊருக்குப் போய்விட்டு வந்தால் தெரிந்தவர்களுக்கு எல்லாம் அந்த ஊரிலிருந்து ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெறுங்கையோடு போனால் அசிங்கம். நான் மிக்கா வீட்டுக்கென்று நல்ல மிளகாகப் பொறுக்கி வாங்கினேன்.

"வேண்டாங்கம்மா, அவங்க காரம் சாப்பிட மாட்டாங்க," என்றாள் கயல்.

"மொளகு காரமில்ல கண்ணு, மருந்து. அவங்கம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

அவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தாள். வளைவுகளில் தலை சுற்றுகிறது போல என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தேன்.

மேலே போன மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நின்று பெய்கிற மழை இல்லை, சாரலும் மூட்டமுமாக எதிர் வீடே தெரியவில்லை. மத்தியானம். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, ஒரு மாடும் வரவில்லை என்று திரும்பி வந்துவிட்டார். அண்ணி குச்சிக்கிழங்கு வேகவைத்து, மிளகாய்ச் சட்னி அரைத்து வைத்தார். அதிசயமாகக் கரண்ட் இருந்தது. கயலின் பையிலிருந்து அந்த டிவிடியைச் செல்விதான் கண்டுபிடித்து எடுத்தாள்.

"இதென்ன படமுங்க?"

"சும்மா பொம்மைப் படம். உங்களுக்குப் புரியாதுங்க," என்றாள் கயல், கையை நீட்டி.

"அதெல்லாம் புரியும். போடு செல்வி, நான் சொல்றேன்," என்றேன் நான். ஏழு வருஷமாகக் கற்ற மொழியை நம் ஜனங்களுக்கு முன்னால் காட்ட ஒரு வாய்ப்பு வந்தால் விடுவேனா? அண்ணன் நாமக்கல்லில் வாங்கிய டிவிடி பெட்டி எந்தத் தட்டைப் போட்டாலும் ஓடும். ஓடியது. கயல் எழுந்து போய் எல்லோருக்கும் பின்னால், கதவோரம் உட்கார்ந்துகொண்டாள்.

5

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஆட்களைக் கண்டால் பயம். பேச வாயெடுத்தால் வார்த்தை வராது. செல்வி அவளுக்குச் சோடாபுட்டி என்று பெயர் வைத்தாள். காலையில் கிளம்பும் முன் சோடாபுட்டி செருப்பு அலமாரியைப் பார்த்து, "காலை வணக்கம், நேத்து ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?" என்று திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். வகுப்பில் போய் நின்று, வியர்த்து, வாயைத் திறந்து திறந்து மூடி, கடைசியில் வணக்கம் வெளியே வரும்போது வகுப்பே காலியாக இருக்கும். எல்லோரும் விளையாட்டு மைதானத்துக்குப் போயிருப்பார்கள். மூலையில் தொங்கும் எலும்புக்கூடு பொம்மைதான் அவள் வணக்கத்தை வாங்கிக்கொள்ளும்.

அண்ணன் சிரித்ததில் கிழங்கு புரையேறியது. "பரவால்ல அம்மிணி, ஜப்பான்காரன் தமாசாத்தான் எடுக்கறான்," என்றார்.

நான் உற்சாகமாகிவிட்டேன். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு குரல் வைத்து மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். மைதானத்தில் மாஸ்டர், "ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க" என்கிறார். எல்லோரும் ஜோடி சேர்ந்துவிடுகிறார்கள். சோடாபுட்டி மட்டும் மிச்சம். மாஸ்டர் தானே அவளோடு ஜோடி சேர்ந்து குனிந்து நிமிர்கிறார், அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. மத்தியானம் அவள் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து சோறு தின்கிறாள். யாராவது வந்தால் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி தரையைத் தடவுகிறாள்.

"ஐயோ பாவம், அந்தப் புள்ளைக்கு ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டுனாச் சரியாப் போயிரும்," என்று அண்ணி உச்சுக் கொட்டினார். அந்த இடத்தில்தான் பின்னாலிருந்து கயல் சிரித்தாள். நாங்கள் சிரித்த இடத்தில் எல்லாம் அவள் சத்தமே வரவில்லை.

அப்புறம் ஒரு காட்சி. பக்கத்துப் பெஞ்சுப் பெண், "ஏய், உன் பென்சில் கீழ கெடக்குது பாரு," என்கிறாள். சோடாபுட்டி எழுந்து நின்று, இடுப்பை வளைத்து, "தாங்கள் சிரமம் பார்க்காமல் தெரிவித்தமைக்கு மிக்க நன்றிங்க," என்கிறாள். வகுப்பே கொல்லென்று சிரிக்கிறது. அண்ணன் வீட்டில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"மருவாதியாத்தானுங்க பேசுது அந்தப் புள்ள? இதுல சிரிக்க என்ன இருக்குது?" என்றார் அண்ணன்.

எனக்கும் தெரியவில்லை. முழித்தேன். கயல் பின்னாலிருந்து சொன்னாள், "அங்க அப்படிப் பேசக்கூடாதுங்க மாமா. ஒரே வயசுக்காரங்ககிட்ட மருவாதியாப் பேசுனா, உங்கூடப் பழக எனக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தம். தள்ளி நில்லுன்னு அர்த்தம்."

"அட, எனக்கே தெரியாதே!" என்று நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே ஏதோ ஒன்று ஞாபகத்துக்கு வரப் பார்த்தது. என்னவென்று யோசிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது.

சாயங்காலம். சோடாபுட்டியின் அம்மா முள்ளங்கி நறுக்குகிறாள். கூடத்தில் சோடாபுட்டி டெலிபோனை எடுத்து ஒரு நம்பரைச் சுற்றுகிறாள். அந்தப் பக்கம் பேசுவது மெஷின். ஜப்பானில் ஒரு நம்பர் உண்டு, சுற்றினால் நாளைய வானிலையைப் பதிவு செய்த குரல் சொல்லும்.

நான் மொழிபெயர்த்தேன். "நாளைக்குக் காலைல மேகமூட்டம்னு மெஷின் சொல்லுது. இவ, 'அப்படியா! நெஜமாவா?'ங்கறா. மத்தியானத்துக்கு மேல மழைன்னு மெஷின் சொல்லுது. இவ, 'சேச்சே! அப்புறம்?'னு…"

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செல்வி தரையில் உருண்டாள். என் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. துணி காயப்போடாதீங்க. மத்தியானத்துக்கு மேல மழையாம்.

"என்ன அம்மிணி, நிறுத்திட்டே? அப்புறம் என்ன சொல்லுது?" என்றார் அண்ணன்.

கதவோரத்திலிருந்து கயல் ஆரம்பித்தாள். நிறுத்தி நிதானமாக, செய்தி வாசிக்கிற மாதிரி.

"இப்ப அவங்கம்மா கேக்கறாங்க, 'யாரு கண்ணு ஃபோன்ல?' அவ சொல்றா, 'ஃப்ரெண்டுங்கம்மா.' அவங்கம்மாவுக்கு ரொம்பச் சந்தோசமாயிருச்சு."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

6

சமையலறைக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு போனேன் என்ன, இழுத்துக்கொண்டு போனேன். முதலில் வந்தது கோபம்தான். வேறு எது வரும் எனக்கு?

"மிக்கான்னு ஒருத்தி இருக்காளா இல்லையா?"

"இருக்கறா. எங்க க்ளாஸ்தான்."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்குள் அவளே சொன்னாள்.

"பேசுனதில்லீங்க. நாலாவதுல ஒரு தடவை பேசுனேன். 'நீ ஏன் கடையில சாமான் விக்கறவங்க மாதிரி பேசறே?'ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்பறம் பேசலை."

"தம்பி? பூனை?"

"அவ மத்தவங்ககிட்டப் பேசறதக் கேட்டிருக்கறேன்."

அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டேன். நாலாம் வகுப்பிலிருந்து. எத்தனை சாயங்காலம். அத்தனை சாயங்காலமும் என் மகள் ஒரு மெஷினோடு சிரித்துப் பேசியிருக்கிறாள், நான் அதைக் கேட்டுப் பூரித்துப்போய் வெங்காயம் நறுக்கியிருக்கிறேன்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா சாமி?"

"நீங்க சந்தோசமா இருந்தீங்க."

"சரி, எல்லாரும் பேசற மாதிரி மாத்திப் பேச வேண்டியதுதானே? நாஞ் சொன்னா அதயே புடிச்சுக்கறதா?"

"முயற்சி பண்ணுனேன். வாயில வரமாட்டேங்குதுங்க. பேசலாம்னு போனா உங்க முகம் வருது."

இதற்கு மேல் ஒரு தாயிடம் சொல்ல என்ன இருக்கிறது? கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு இப்படி வலித்திருக்காது. கூடத்தில் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. செல்வி கைதட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பைத்தியக்காரத்தனமாக ஒரு ஆசை வந்தது எனக்கு. "கடைசியில அந்தப் புள்ளைக்காவது ஒரு ஃப்ரெண்டு கெடைக்கறாளா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கம்மா. கெடச்சுட்டாக் கதை முடிஞ்சு போயிருமில்ல?" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. கூடத்துக்குப் போய், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் திறந்து அந்தத் தட்டைப் பிடுங்கி எடுத்தேன். "இந்தச் சனியனப் பாத்துப் பாத்துத்தான் நீ இப்படி ஆயிட்டே! இத ஒடச்சுத் தூர வீசுனாத்தான் நீ உருப்படுவே!" என்று கத்தினேன். அண்ணி பயந்துபோய் எழுந்துவிட்டார். என்ன நடக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் வளைத்தேன்.

கயல் பாய்ந்து வந்து என் கையிலிருந்து அதைப் பறித்தாள். பறித்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். என் பிள்ளைக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"போ! உனக்கு ஒண்ணும் தெரியாது, போ! எனக்கு அவ ஒருத்திதான் இருக்கறா!"

எங்கள் குடும்பத்தில் பெற்றவளை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. செல்வி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏ கண்ணு! பெத்தவளப் போய் போ, வான்னு பேசறதா? ஜப்பான்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார் அண்ணன்.

கயலுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே ஜப்பான்காரர்கள் மாதிரி இடுப்பை வளைத்துக் குனிந்தாள். "மன்னிச்சுக்குங்கம்மா. தெரியாமச் சொல்லிட்டேனுங்க. மன்னிச்சுக்குங்க," என்றாள்.

நான் அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"மன்னிப்பெல்லாம் வேண்டாஞ் சாமி. இப்பச் சொன்னியே, அதச் சொல்லு. இன்னொருக்காச் சொல்லு."

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது அம்மிணி?" என்றார் அண்ணன். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

கயல் மாமாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடிக்கத்தான் கூப்பிடுகிறேனோ என்று அவளுக்குச் சந்தேகம். உதடு இரண்டு தடவை திறந்து மூடியது.

"போ," என்றாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு."

"போ… நீ போ."

என் கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. "இன்னும் சத்தமா," என்றேன்.